ஐம்பது கிலோ

இந்த ஞாயிறு வாசகம் என் முறை.
மல்லாவிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில்
பாதிக் கூரை ஏறிய கோயில்.
மறுபாதிக்குத் தறப்பாள்.
மின்விசிறி நான்கும் பெஞ்சமின் முதலாளி உபயம்.
ஒவ்வொரு இறக்கையிலும்
அவர் தகப்பன் பெயர் சுற்றுகிறது.

நான் அவருடைய ஆலையில் கணக்கு எழுதுகிறவள்.
மாசி முழுக்க
நெல்லு மூடை தராசில் ஏறும்,
நான் கொப்பியில் இறக்குவேன்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ.
சாக்குக்கு ஒரு கிலோ.
பதருக்கு, அவர் முகத்தைப் பார்த்து.
வெறுஞ்சாக்கு ஒரு கிலோ நிறுக்காதென்று
எனக்கும் தெரியும்
சாக்குக்கும் தெரியும்.

குறித்திருந்த பக்கத்தை விரித்தேன்.
பேசுகிறவன் ஆமோஸ், ஒரு மாட்டுக்காரன்.
தீர்க்கதரிசி குடும்பமில்லை நான் என்று
அவனே சொல்லிவிடுகிறான்.
காட்டத்தி பொறுக்கித் திரிந்தவன்.
பாண்டியன்குளத்துப் பக்கம்
பட்டி மாடு சாய்க்கிற ஒருவன்
காலில் சேறு காயமுன்
கோயில் வாசலுக்கு வந்து கத்துவதுபோல் கத்துகிறான்.
திருநாள் எப்ப முடியும், யாவாரம் எப்ப தொடங்கும் என்று
செபத்துக்குள் விரல் மடிக்கிறவர்களைப் பார்த்து.
மரக்காலைச் சின்னதாக்கி
விலையைப் பெரிதாக்குகிறவர்களைப் பார்த்து.
ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு
ஏழையைக் கைமாற்றுகிறவர்களைப் பார்த்து.
உங்கள் பாட்டு எனக்கு இரைச்சல் என்று
கடவுளே காதைப் பொத்துகிற இடம் வந்தபோது
எனக்கு எச்சில் இறங்கவில்லை.

முன் வாங்கில் முதலாளி
கண்மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நியாயம் தண்ணீராய்ப் பெருகி வரும் என்று
போதகர் கையை விரித்தார்.
வாய்க்காலின் கடைசியில் வயல் செய்கிற நவமணி
என் பக்கத்தில் இருந்தாள்.
எனக்கென்று இல்லை,
மடியில் கிடந்த பாட்டுப் புத்தகத்துக்குச் சொன்னாள்:
‘தண்ணி தானா வராது.
ஆரும் துருசு திறக்கோணும்.’

ஆராதனை முடிந்து முதலாளி என்னிடம் வந்தார்.
‘வடிவா வாசிச்சீர் பிள்ளை.
அந்தக் காலத்துச் சனம்
சரியான அநியாயக்காரர், என்ன?’

திங்கள் காலை
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நவமணியின் மூடைகள் வந்தன,
பதினொன்று.
பன்னிரண்டாவதாய்
பிரிக்காத சீமெந்துப் பை.
கோயில் சுவர் பூச
முதலாளி தந்த இருபதில் ஒன்று.
‘முதல்ல இத வையுங்கோ தம்பி.’
மூடை தூக்குகிற பெடியன்
யோசிக்காமல் தூக்கி வைத்தான்.

சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது.
நாற்பத்தேழு புள்ளி இரண்டு.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆலைக்குள் நெல்லுக் குத்துப்படும் சத்தம்.
வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராய் வந்து
பையில் அச்சடித்த ஐம்பதை
விரலால் தொட்டுவிட்டுப் போனார்கள்.

‘அது… சீமெந்து ஈரம் பிடிச்சிருக்கும்’ என்றார் முதலாளி.
‘ஈரம் பிடிச்சா நிறை கூடுமெல்லோ’ என்றது
பின்வரிசையில் ஒரு குரல்.
சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
பிறகு என் கொப்பியைப் பார்த்தார்கள்.

ஆறு மாசி அதற்குள் கிடக்கிறது,
என் கையெழுத்தில்.
பேனை முதலாளியுடையது.
திகதி போட்டேன்.
‘சீமெந்து. ஒரு பை. 47.2’ என்று எழுதிக்
கீழே என் பெயரை
முழுதாய் எழுதினேன்,
தகப்பன் பெயரோடு.

பின்னேரம் பழைய கொப்பிகளை
மாபை ஒன்றுக்குள் போட்டுக்
கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன்.
நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது.
நவமணிக்கு நாற்பத்தாறு மூடை.
தராசு தின்றது மட்டும்
இரண்டரை மூடைக்குக் கிட்ட,
ஈரமும் சாக்கும் சேர்க்காமல்.
செவ்வாய்தோறும் வாசலில் வந்து நிற்கிற லோன்காரனுக்கு
எட்டுக் கிழமைக் காசு.

கரண்ட் போய்விட்டது.
கைபேசி வெளிச்சத்தில்
அடுத்த பெயரைத் தேடுகிறேன்.
தலைப்பு அழிந்துபோன ஒரு பக்கம்.
எழுத்து என்னுடையதுதான்,
மனுசர் யாரென்று தெரியவில்லை.